ஐந்தில் ஒரு பங்கு: லெந்துகால வேதபாடத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

சேகரத்துச் சபையார் எல்லாருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

லெந்து என்கிற தபசுகாலத்தில், சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் நடுவில், ஆறு வெள்ளிக்கிழமைகள் உண்டு. அந்த ஆறு சாயங்காலமும் ‘உண்மை, கீழ்ப்படியாமை, மனந்திரும்புதல்’ என்ற பாடத்துக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கும், அது நடக்க உழைத்தவர்களுக்கும் இந்த மடல்.

முதல் நன்றி உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த பனையேறி அண்ணாச்சிக்கு. உண்மையாயிருப்பது என்னவென்று நாங்கள் சுற்றிச்சுற்றிப் பேசியதை, அவர் ஒரு கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார். பாளை சீவிக் கலயம் கட்டுமுன் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். நேற்றுத் தடவியது இன்றைக்கு ஆகாது. ஒரு நாள் விட்டால் பதநீர் மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். புளித்ததை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாது, கருப்பட்டி உறையாது. சுண்ணாம்பை விட்டவன் அடுப்பில் விறகைக் கூட்டி என்ன செய்ய? கலயத்தைக் கழுவிக் காயவைத்து, மறுபடி தடவித்தான் ஏற்ற வேண்டும்.

சவுல் ராஜா கூட்டினதும் விறகுதான். 1 சாமுவேல் 15-ல், எல்லாவற்றையும் அழிக்கக் கர்த்தர் சொல்லியிருந்தும், அமலேக்கியரின் ஆடுமாடுகளில் நல்லதாகப் பார்த்துத் தப்பவிட்டான். சாமுவேல் தீர்க்கதரிசி கேட்டதற்கு, பலியிடத்தான் என்றான். பிடிபட்டபின் பாவஞ்செய்தேன் என்கிறான். ஆனால் 30-ம் வசனத்தைப் பாருங்கள்: அதே மூச்சில், மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி கேட்கிறான். நாத்தான் தீர்க்கதரிசி முன்னால் தாவீது ராஜா சொன்னதும் பாவஞ்செய்தேன் என்றுதான். பின்னால் ஒரு நிபந்தனையும் இல்லை. இரண்டையும் ஒரே சார்ட்டில் அடுத்தடுத்து எழுதித் தொங்கவிட்ட ஞாயிறு பள்ளி டீச்சர் அக்காவுக்கு நன்றி.

சொல்லைப் பிரித்துக் காட்டிய தமிழாசிரியர் ஐயாவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். எபிரேய ‘ஷூப்’ போன வழியிலிருந்து திரும்புவது. கிரேக்க ‘மெட்டனோயா’ மனம் மாறுவது. நம் ‘மனந்திரும்புதல்’ இரண்டையும் சேர்த்தே கட்டியிருக்கிறது. நாம் பெரும்பாலும் மனத்தோடு நின்றுவிடுகிறோம், அதுவும் கண்ணீர் காய்கிற வரைக்கும்.

நாலாம் வெள்ளி கணக்குப் பாடம். வங்கியில் வேலைபார்த்த அம்மா கரும்பலகையில் போட்டுக் காட்டினார்கள். லேவியராகமம் 6-ன்படி, ஏமாற்றி எடுத்தது 5000 ரூபாய் என்றால் முதல் 5000, அதோடு ஐந்தில் ஒரு பங்கு 1000, ஆக 6000. குற்றநிவாரண பலி கொண்டுவருகிற அன்றைக்கே அது உடையவன் கைக்குப் போக வேண்டும். ஆட்டைத் திருடி விற்றவனுக்கு நாலு மடங்கு என்பது யாத்திராகமம் 22. லூக்கா 19-ல் வருகிற வரிவசூல்காரன் சகேயு தானாகவே ஒத்துக்கொண்டவன். ஆனாலும் திருடனுக்குரிய நாலத்தனையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டான்.

இதில் சறுக்குகிற இடங்களைச் சேகர குருவானவர் ஒளிக்காமல் சொன்னார்கள். அடுத்தவனுக்குத் தர வேண்டியதைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது திருப்பிக் கொடுத்ததாகாது. உடையவன் இறந்திருந்தால் வாரிசைத் தேட வேண்டும். இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால்தான் எண்ணாகமம் 5:8 ஆசாரியனைக் காட்டுகிறது. சாட்சி நேரத்தில் அறிக்கையிடுகிறவர் கூட இருந்தவர் பெயரையும் சேர்த்து இழுத்தால் அது புதுப் பாவம். ஒருவருக்கு எதிராகச் செய்ததை அவரிடம் சொல்லுங்கள், சபைக்கு எதிராகச் செய்ததைச் சபையில் சொல்லுங்கள் என்றார்கள்.

அதற்குமேல் ஒன்றைச் சொல்ல வக்கீல் தம்பி வந்தார். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால், ஜெபித்து சமரசம் செய்துவிடலாம் என்று மூப்பர்கள் கூடிப் பேச இடமே இல்லை. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்வது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. இதைச் சிலர் முகஞ்சுளித்துக் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான்.

மைக் செட், பெஞ்சு, கரண்ட் போனபோது ஜெனரேட்டர் பார்த்த வாலிபர்களுக்கு நன்றி. கோயில் வேலை பார்க்கிற கோயில்குட்டியார் ஒரு நாளும் மணி தவறவில்லை. கஞ்சிக்கு வந்தது முழுக்கக் கைப்பிடி அரிசி: தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைத்த அம்மாமாருடையது. உபவாச நாளில் முதலூர் மஸ்கோத் அல்வாவோடு வந்த அண்ணாச்சியை மன்னித்துவிட்டோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அந்த அல்வாக் கணக்கை ஞாயிற்றுக்கிழமையே முடித்தார்கள்.

கஞ்சிக்கு இரண்டு அண்டா தந்த மேலத்தெரு அக்காவுக்கு: ஒன்றின் காது உடைந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, நாங்களே சொல்கிறோம். பற்றவைக்கக் கொடுத்திருக்கிறோம். சனிக்கிழமை கொண்டுவருவோம், வெறும் அண்டாவாக வராது.

இப்படிக்கு,
வேதபாடக் குழுவினர்