அப்பாக்க ரைபிளுக்காக ரெண்டு மாநில லைசென்ஸ் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

துப்பாக்கி லைசென்ஸ் ஃபைல் பாக்குற சார்மாருக்கும் மேடம்மாருக்கும், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

நான் தமிழ்நாட்டுல கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாக்காரன். எனக்க அப்பா கேரளாவுல இடுக்கி மாவட்டம் பீர்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துல சூப்பர்வைசரா இருந்தாவ. ரிட்டயர் ஆன பெறகும் ஊருக்கு வரல, அங்கயே ஒரு சின்ன வீடும் கொஞ்சம் மிளகுக் கொடியுமா இருந்துட்டாவ, நாங்க இங்கயும் அவிய அங்கயுமா தான் எங்க குடும்பம் ஓடிச்சு. போன வருஷம் ஆடி மழையில இறந்து போனாவ. 74 வயசு.

அவியளுக்க பேருல கேரளா லைசென்ஸ்ல ஒரு ரைபிள் இருந்துச்சு. குழல் அளவு பாயிண்ட் 315, இஷாப்பூர் அரசு துப்பாக்கி ஃபேக்டரியில செஞ்சது. 31 வருஷம் வச்சிருந்தாவ. ஞாயித்துக்கிழமை சாயா குடிச்சிட்டு திண்ணையில பழைய வேட்டித் துணியை விரிச்சு, தோட்டாவ உள்ள தள்ளுற போல்ட்டைக் கழத்தி எண்ணெய் போட்டு துடைப்பாவ, நாங்க லீவுக்கு போனா பக்கத்துல இருந்து பாக்கலாம் ஆனா தொடக்கூடாது. தோட்டாவ வேற அலமாரியில பூட்டி அந்த சாவிய இடுப்புலயே வச்சிருப்பாவ. எலக்ஷன் அறிவிச்சா முதல் வேலையா ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு ரசீது வாங்கி வச்சுக்கிடுவாவ. 2021 ஏப்ரல் 6-ம் தேதி ரெண்டு மாநிலத்துலயும் ஓட்டுப் போட்டாங்கல்ல, அந்த எலக்ஷன் ரசீது வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல அடுக்கி இருந்துச்சு. சட்டத்தை இவ்வளவு மதிச்ச ஒரு மனுசனுக்க துப்பாக்கிய சட்டப்படி வாங்க மகன் படுற பாடு தான் இந்த மடல்.

அடக்கம் முடிஞ்ச மூணாம் நாளு, அப்பாக்க கூட வேலை பாத்த ஒரு பெரியவர் தான் என்னைத் தனியா கூட்டிட்டு போய் சொன்னாரு, மோனே, லைசென்ஸ் ஆளோட போச்சு, இனி இது இந்த வீட்ல ஒரு ராத்திரி கூட இருக்கக் கூடாதுன்னு. அவரு சொன்னது சரி. 1959 ஆயுதச் சட்டத்துல 21-ம் பிரிவு அதைத்தான் சொல்லுது, வச்சிருக்குற உரிமை முடிஞ்சா தாமதம் இல்லாம பக்கத்து ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். லைசென்ஸ் இல்லாம வீட்ல வச்சிருந்து மாட்டினா, 2019 திருத்தத்துக்கு பெறகு குறைஞ்சது 2 வருஷம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில். அன்னைக்கே கொண்டு போய் குடுத்தோம். ரைட்டரா இருந்த போலீஸ்காரர் நல்ல மனுசன், எனக்கு ஒரு கட்டஞ்சாயா வாங்கித் தந்துட்டு, நம்பர் எல்லாம் சரிபாத்து ரசீது எழுதித் தந்தாரு.

அதுக்கு பெறகு தான் அலைச்சல். நான் இருக்குறது இங்க, அதனால எனக்கு லைசென்ஸ் இங்க தான் கேக்கணும், துப்பாக்கி கெடக்குறது அங்க. ஒரு ஆபீஸ்ல, முதல்ல துப்பாக்கி இருக்குற இடத்துலேந்து ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் கொண்டு வா, பெறகு மனு வாங்குறோம்னாங்க. இன்னொரு ஆபீஸ்ல, உனக்க பேருல லைசென்ஸ் வந்தா தானே நாங்க கடிதம் தர முடியும்னாங்க. எந்த ஆபீஸ்னு பேரு போட எனக்கு விருப்பம் இல்ல, அங்க இருக்குறவங்க மேல எனக்கு கோவமும் இல்ல, ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துலேந்து பாத்தா நியாயமா தான் சொல்லுறாங்க, ஆனா நடுவுல நிக்குறது நான். எல்லையில களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம், அங்கேந்து கோட்டயம், கோட்டயத்துல இறங்கி குமுளி பஸ், இப்படி ஒரு ராத்திரி முழுக்க போயிட்டு நாளைக்கு வான்னு கேட்டுட்டு திரும்புறது நாலு தடவை ஆச்சு. வாரிசு சர்டிபிகேட் எந்த தாலுகாவுல வாங்குறதுங்கறதுலயே ரெண்டு மாசம் போச்சு, அப்பா இருந்தது அங்க, வாரிசு நாங்க மூணு பேரும் இங்க. 1956 நவம்பர் 1-ம் தேதிக்கு முன்ன கல்குளமும் பீர்மேடும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் தான், எங்களப் போல எத்தனையோ குடும்பம் இன்னும் ரெண்டு பக்கமும் கெடக்கு, இது எனக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்ல.

என்னை ரொம்ப வேதனைப்படுத்துன விஷயம் இதுக்கெல்லாம் பெறகு தான் தெரிய வந்துச்சு. 2016 ஆயுத விதிகள்ல 25-ம் விதின்னு ஒண்ணு இருக்கு. லைசென்ஸ்காரர் இறந்த பெறகு வாரிசுக்கு லைசென்ஸ் குடுக்கலாம், அது எனக்கும் தெரியும். ஆனா அதே விதியில, அவரு உயிரோட இருக்கும்போதே, 70 வயசு ஆனாலோ இல்ல 25 வருஷம் துப்பாக்கிய வச்சிருந்தாலோ, எது முதல்ல வருதோ அப்பவே, அவரு காட்டுற வாரிசுக்கு லைசென்ஸ் குடுக்கலாம்னும் இருக்கு. அப்பாக்கு 25 வருஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு, 70 வயசும் ஆச்சு. முன்ன 3 வருஷத்துக்கு ஒருதரம், இப்ப 5 வருஷத்துக்கு ஒருதரம் ரினியூவலுக்கு போய் வரிசையில நின்னவிய தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஐயா உங்களுக்கு வயசாச்சு, மகன் பேருக்கு மாத்த வழி இருக்குன்னு யாராவது சொல்லியிருந்தா, அப்பாவே என்னைக் கூட்டிட்டுப் போய் முன்ன நின்னு எல்லாத்தையும் செஞ்சு, போல்ட் எப்படி கழத்துறதுன்னும் அவிய கையாலயே சொல்லித் தந்திருப்பாவ. எனக்கு இன்னும் அது தெரியாது.

அதனால நான் கேக்குறது இதுதான். ரினியூவலுக்கு வர்ற 70 வயசு தாண்டினவங்க கிட்டயும் 25 வருஷம் ஆனவங்க கிட்டயும் இந்த விதியச் சொல்லுங்க, ஒரு தாள்ல தமிழ்லயும் மலையாளத்துலயும் அடிச்சு குடுத்தா போதும். லைசென்ஸ் எல்லாம் தேசிய டேட்டாபேஸ்ல ஏறி ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி நம்பர் இருக்கு, யாருக்கு எத்தனை வயசு, எத்தனை வருஷமா வச்சிருக்காருன்னு உங்க கம்ப்யூட்டருக்கே தெரியும். வேற மாநிலத்துல இருக்குற துப்பாக்கிக்கு வாரிசு மனு போட்டா, ஸ்டேஷன் ரசீதையும் பழைய லைசென்ஸ் காப்பியையும் வச்சு மனுவ வாங்கிக்கிடுங்க, அந்தப் பக்கத்து ஆபீஸ்ல கேக்க வேண்டியதை நீங்களே லெட்டர் போட்டு கேளுங்க, ஆபீஸுக்கு ஆபீஸ் பேசுனா ஒரு வாரத்துல முடியுற விஷயத்துக்கு தான் நாங்க ராத்திரி பஸ்ல போறோம். இல்லைன்னா இல்லைன்னு எழுத்துல காரணத்தோட தாங்க, ஆயுதச் சட்டம் 18-ம் பிரிவுல அப்பீல் இருக்கு, வாயால சொன்ன பதிலுக்கு எங்க போய் அப்பீல் பண்ணுறது.

வெரிஃபிகேஷன் வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. நல்லா விசாரிங்க, எனக்க மேல கேஸ் இருக்கான்னு பாருங்க, பயிற்சி சர்டிபிகேட் கேளுங்க, வீட்ல பூட்டு உள்ள இரும்பு அலமாரி இருக்கான்னு வந்து பாருங்க. ஒருத்தருக்கு 2 துப்பாக்கிக்கு மேல கூடாது, பரம்பரையா வந்தாலும் அந்தக் கணக்கு தான்னு 2019-ல கொண்டு வந்தாங்க, அதுவும் சரிதான், எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. காட்டுப்பன்னி சுடவும் கேக்கல, அதுக்கு முறையான உத்தரவு இல்லாம துப்பாக்கிய எடுக்கக் கூடாதுன்னு தெரியும். தங்கச்சி டீலர்கிட்ட வித்துரு அண்ணா, இந்த அலைச்சல் எதுக்குன்னு சொல்லுதா. எனக்கு மனசு வரல.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க மலையோரத்துல, தாத்தா காலத்துல பயிர் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்குன பழைய துப்பாக்கி, ஆளு செத்த பெறகு எடுத்துட்டுப் போனா கேஸ் ஆயிருமோன்னு பயந்து யாருட்டயும் சொல்லாம மச்சுல போட்டு வச்ச கதை நான் சின்ன வயசுலேந்து கேட்டிருக்கேன். ஒரு விதவைக்கு அந்தப் பயம் வர்றதுக்கு முன்ன, ஒப்படைச்சா ஒண்ணும் ஆகாது, இன்ன நாளுக்குள்ள வாரிசு மனு போடலாம்னு யாராவது சொல்லணும். குடுத்து வச்சதை காலத்துக்குள்ள யாரும் வந்து எடுக்கலன்னா அரசுக்கு சேத்துக்கிடலாம்னும் அதே 21-ம் பிரிவுல இருக்கு, அந்த பயம் தான் இப்ப எனக்கு, ஒவ்வொரு தபால் வரும்போதும் அதுதான் நோட்டீஸோன்னு கை நடுங்குது.

மனு குடுத்தா போலீஸ் ரிப்போர்ட்டுக்கு 30 நாளு, அது வந்த பெறகு முடிவுக்கு 60 நாளுன்னு விதியில இருக்கு. மனுவ வாங்குனா தானே அந்த நாளு எண்ணத் தொடங்கும். ஸ்டேஷன் ரசீது, அப்பாக்க லைசென்ஸ் புக், மரண சர்டிபிகேட், வாரிசு சர்டிபிகேட், அம்மையும் தங்கச்சியும் சம்மதிச்சு ஒப்பு போட்ட பத்திரம், நிரப்பி வச்ச ஏ-1 லைசென்ஸ் மனு ஃபாரம், எல்லாம் எனக்க கிட்ட அப்பாக்க அந்த பழைய பிளாஸ்டிக் கவர்லயே இருக்கு. ரெண்டு பக்கத்துலயும் யாரு முதல்ல கூப்பிடுறாங்களோ அவங்க மேசையில கொண்டு வந்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
கல்குளம் தாலுகாவுலேந்து ஒரு மகன்