சிவப்புப் பேனை

ஈஸ்ட்ஹாம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பாட்டை இதுவரை பதினொரு தரம் கேட்டுவிட்டேன். முதல் நாலு தரமும் ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்தாவது தரம் அப்பா தன்னுடைய ஹெட்ஃபோனைக் கொண்டுவந்து தந்தார். அப்புறம்தான் நீ மூச்சு எடுக்கிற இடமெல்லாம் கேட்டது. இரண்டாவது பகுதியில் உனக்கு மூச்சுப் போதவில்லை, பிள்ளை. இருமல் இன்னும் மாறவில்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட்டுக்குக் கீழே, "அம்மா, தமிழ் வருகிற இடத்தில் பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கோ" என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

2006ஆம் ஆண்டு. உனக்குப் பதினாறு வயது. உன் உயிரியல் கொப்பிக்குள் இன்னொரு கொப்பி இருந்தது. பக்கம் பக்கமாக ராப். வேறொரு தாய் என்றால் கிழித்து எறிந்திருப்பாள், அல்லது வாசித்து அழுதிருப்பாள். நான் ரீச்சர். சிவப்புப் பேனையை எடுத்துத் திருத்தினேன். எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டு, ஒரு பக்கத்தின் கீழே பத்துக்கு நாலு என்று புள்ளியும் போட்டேன். பகிடிக்குத்தான் போட்டேன் என்று அன்று உனக்குச் சொன்னேன். பகிடி இல்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் நீ எழுதிய ஒரு வரியையும் நான் கண்ணால் காணவில்லை. இப்போது நீயே அந்தப் பேனையை எடுத்து என் கையில் தருகிறாய்.

போன மார்கழியில் வந்து நின்றபோது, "இந்தப் பெண்ணைக் கேளுங்கோ" என்று ராப் பாடகி லிட்டில் சிம்ஸைப் போட்டுக் காட்டினாய் அல்லவா? நான் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து இருந்ததற்குப் பாட்டுக் காரணம் இல்லை. நீ சொன்ன முழுப்பெயர்தான் காரணம். சிம்பியாட்டு அபிசோலா அபியோலா அஜிகாவோ. நைஜீரியாவில் படிப்பித்த காலத்தில் இப்படியான பெயர்களை நான் வகுப்பு இடாப்பில் தினமும் கூப்பிட்டிருக்கிறேன். 'ஓலா' என்றால் அங்குள்ள யொருபா மக்களுடைய மொழியில் மதிப்பு, செல்வம். அபிசோலா, அபியோலா இரண்டுமே அதற்குள் பிறந்தவள் என்று சொல்கிற பெயர்கள். யொருபாக்காரர் பெயர் வைத்தால் அதற்குள் ஒரு வசனம் இருக்கும். பாட்டன் போன பிறகு பிறக்கிற பையன் பாபாதுண்டே, 'அப்பா திரும்பி வந்துவிட்டார்'. பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு வைத்துப் பேரன் என்கிறோமே, அதே கணக்குத்தான்.

நைஜீரியக் கதையை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. லண்டனுக்கு வந்த பிறகு வேலை, வாடகை, ஊர்ச் செய்தி என்று ஓடிவிட்டது. கொஞ்சம் சொல்கிறேன். உன் பாட்டுக்கும் அது வேண்டும்.

1980இல் அப்பாவும் நானும் ஒயோ நகரத்துக்குப் போனோம். இபாடன் நகரத்துக்கு வடக்கே, ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். அதற்கு முதல் வருஷம்தான் அந்த மாநிலத்தில் இலவசக் கல்வி வந்திருந்தது. பிள்ளைகள் திரண்டு வந்தார்கள், படிப்பிக்க ஆள் போதவில்லை. இலங்கை, இந்தியா என்று பல இடங்களிலிருந்து ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்பா கணிதம், நான் விஞ்ஞானம். பின்னேரம் ஆனால் வீட்டுக்கு வீடு உலக்கைச் சத்தம் கேட்கும். நெல் குத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தால், அவித்த வள்ளிக்கிழங்கை உரலில் போட்டு இடிக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

அப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்த கிழமை, சந்தையில் தக்காளி விற்கிற பெண்ணிடம், "என் புருஷனுக்குச் சுகமில்லை" என்று எனக்குத் தெரிந்த யொருபாவில் சொன்னேன். அவள் மிகவும் கவலைப்பட்டு, மெக்கானிக் இருக்கிற தெருவைக் கைகாட்டினாள். ஒக்கோ என்று சமனாகச் சொன்னால் புருஷன். கடைசியில் குரலைத் தாழ்த்தினால் வாகனம். உயர்த்தினால் மண்வெட்டி. நான் தாழ்த்திவிட்டேன். விஷயம் விளங்கியதும் அந்த வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் தலைப்பாகை கழன்று விழச் சிரித்தார்கள். அன்றிலிருந்து சந்தையில் எனக்குப் பெயர் 'இயா ஒலொக்கோ', வாகனக்கார அம்மா. எங்களிடம் அப்போது ஒரு சைக்கிள்கூட இல்லை.

மறுநாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் எனக்குப் பாடம் எடுத்தார்கள். தாழ்ந்த குரல் டோ, நடு ரே, உயர்ந்தது மி. ஒவ்வொரு சொல்லையும் முதலில் டோ, ரே, மி என்று பாடிவிட்டு அப்புறம் சொல்லச் சொன்னார்கள். அங்கே மொழி படிப்பதே பாடித்தான்.

குரலின் ஏற்ற இறக்கத்தில் பொருள் இருப்பதால், மேளமும் பேசும். எங்கள் உடுக்கைப் பெரிதாக்கித் தோளில் தொங்கவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் துந்துன். நடு ஒடுங்கியிருக்கும். இரண்டு வாயையும் தோல் வார்கள் இணைக்கும். வாரை அழுத்த அழுத்தச் சுருதி ஏறும், கையை விட்டால் இறங்கும், அடிக்கிற குச்சி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசுகிற பெரிய மேளத்தின் பெயர் இயாலு, தாய் மேளம். அதன் விளிம்பில் சின்னச் சின்ன மணிகள். அடிக்கிறவர்கள் பரம்பரைக்காரர், பெயர்கள் 'அயான்' என்று தொடங்கும். பள்ளிக்கூட விழா ஒன்றில் நான் சேலை உடுத்திக்கொண்டு உள்ளே வர, மேளகாரர் என் பக்கம் திரும்பி எதையோ அடித்தார். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "வாகனக்கார அம்மா வருகிறா" என்று மேளம் சொல்லிற்றாம்.

பிறகு எண்ணெய் விலை விழுந்தது. 1986இல் அந்த நாட்டுக் காசான நைராவின் மதிப்பு சரிந்தது. சம்பளத்தை மாற்றி ஊருக்கு அனுப்பினால் ஒன்றும் மிஞ்சவில்லை. ஊரிலோ சண்டை. லண்டனுக்கு வந்தோம். அந்த வருஷங்களில் முன்னும் பின்னுமாக எத்தனையோ யொருபாக் குடும்பங்களும் இங்கே வந்தன. படித்தவர்கள், பெரிய வேலையில் இருந்தவர்கள். இங்கே துப்புரவு வேலை, முதியோர் பராமரிப்பு, இரவுக் காவல். பேருந்தில் பக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் நான் 'எ கூ இஷே' என்று சொன்னால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். வேலை செய்கிறவருக்குச் சொல்கிற வணக்கம் அது. சும்மா இருக்கிறவருக்கும் ஒரு வணக்கம் இருக்கிறது. நீ, நீங்கள் என்ற வித்தியாசமும் நம்மைப் போலவே அவர்களுக்கு உண்டு.

இங்கே வந்த ஒரு யொருபாக் குடும்பத்தில்தான் சிம்ஸ் 1994இல் பிறந்தார். இஸ்லிங்டன், இங்கிருந்து பத்து மைல்கூட இல்லை. அங்கே ஓர் இளைஞர் மன்றத்தில்தான் பாடவும் நடிக்கவும் பழகினாராம். உன்னை நான் போகவிடாமல் டியூஷனுக்கு அனுப்பினேனே, அதே மாதிரி ஓர் இளைஞர் மன்றம். 2010இல் பிள்ளைகளுக்கான டிவி தொடரில் நடித்தார். டாப் பாய் என்ற லண்டன் குற்றக் கதைத் தொடரில் ஷெல்லியாக வருகிறார். அதை நான் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை, கத்திக்குத்தும் துப்பாக்கிச் சூடும் எனக்கு ஒத்துவராது. ஆனால் அந்தப் பெண் வருகிற இடங்களைப் பார்த்தேன். பாட்டில் அவ்வளவு சொல் கொட்டுகிறவர், நடிக்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். சும்மா பார்ப்பது சுலபமில்லை. நீ போன வருஷம் நடித்த நாடகத்தில் உனக்கு வசனம் இல்லாத நேரத்தில் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாய். கோபிக்காதே.

அவர் பாடுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தானே, யொருபா எங்கே இருக்கிறது என்று கேட்டாய். 'பாயின்ட் அன்ட் கில்' என்ற பாட்டின் பெயரைக் கேட்டதும் நான் ஏன் சிரித்தேன் தெரியுமா? அங்கே சாப்பாட்டுக் கடைகளில் தொட்டியில் கெளுத்தி மீன் உயிரோடு நீந்தும். இதுதான் என்று விரலால் காட்ட வேண்டும். காட்டியதை அடித்து, மிளகாய் போட்ட சூப்பாகக் கொண்டுவந்து வைப்பார்கள். விரும்பியதைக் காட்டி எடுப்பேன் என்று அந்தக் கடைப் பேச்சைப் பாட்டாக்கிவிட்டார்கள். கூடப் பாடுகிற ஒபோங்ஜயார் யொருபா இல்லை, கலபார்ப் பக்கம். அவர் பாடுவது பிட்ஜின், அங்கே பேசுகிற கலப்பு ஆங்கிலம். அதையும் இதையும் ஒன்றாக்கி 'ஆபிரிக்கா' என்று சொல்லிவிடாதே, என் மாணவர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அடியில் ஓடுகிற தாளம் நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியின் வழி. அவர் யொருபா ஊரான அபெயோகுட்டாக்காரர். அவருக்கு ட்ரம்ஸ் அடித்தவர் டோனி அலன். ஒயோவில் பஸ் ஏறினால் அந்தத் தாளம் காதை விடாது.

இன்னொன்று தாளத்தில் இல்லை. காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பாட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து வணக்கம் சொல்லும். பையன் என்றால் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். பாட்டி அந்தப் பிள்ளையின் ஒரிக்கியைச் சொல்வாள். அது புகழ்ப் பாட்டு. இன்னாருடைய பேத்தி நீ, இன்ன ஊர்க் குடி நீ, இன்னதைச் செய்தவர்களின் வழி நீ என்று ஒரே மூச்சில் போகும். கேட்கிற பிள்ளையின் முதுகு நிமிரும். தலை வீங்குகிறது என்பார்கள், அங்கே அது நல்ல சொல். நமக்குத் தலைக்கனம் கெட்ட சொல். ராப் பாடுகிறவர்கள் ஏன் தங்களைத் தாங்களே இப்படிப் புகழ்கிறார்கள், அடக்கம் இல்லையா என்று உன்னிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! சிம்ஸைக் கேட்ட அன்று இரவு எனக்கு ஒன்று தோன்றிற்று. ஒரிக்கி சொல்லப் பாட்டி பக்கத்தில் இல்லாத ஊரில், இரவு வேலை முடித்துத் தாய் நித்திரை கொள்கிற வீட்டில், பிள்ளை தன்னுடையதைத் தானே சொல்லிக்கொள்ளத்தானே வேண்டும்? அவருடைய நாலாவது ஆல்பத்தின் நீளமான பெயர் 'Sometimes I Might Be Introvert', அதில் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பார்: சிம்பி. வீட்டில் கூப்பிடுகிற பெயர். அந்த ஆல்பத்துக்குத்தான் 2022இல் மெர்க்குரி இசைப் பரிசு. அதே வருஷம் பிரிட் இசை விருதில் அவருக்குப் 'புதிய கலைஞர்' என்று பரிசு கொடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் பாடியவரைப் புதியவர் என்கிறார்கள், இந்த ஊர் வழக்கம். தாயையும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனாரே, அந்தக் காட்சியை எனக்குப் போட்டுக் காட்டினாய். நீ பார்த்தது அவரை. நான் பார்த்தது அந்தத் தாயை.

சரி, உன் தமிழ். 'மலை பெய்யுது' என்று பாடியிருக்கிறாய். முதல் தரம் கேட்டபோது என் கை தானாகவே மேசை லாச்சிக்குப் போனது, பேனை தேடி. 'ழ' எங்கே என்று கேட்க வந்தவள், நான் எப்படிச் சொல்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மளை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லாரும் மளை என்றுதான் சொல்கிறோம், எழுதும்போது மட்டும் ஒழுங்காக எழுதுவோம். நான் உனக்கு எதைத் திருத்த? ஈஸ்ட்ஹாமில் வளர்ந்த பிள்ளையின் நாக்கில் மலை பெய்கிறது, அவ்வளவுதான். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஆறு வருஷம் நான் வாகனக்கார அம்மாவாக இருந்தேன், ஒன்றும் குறைந்துபோகவில்லை. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் ராப் பாடுகிற மாதங்கி மாதிரிப் பாடுகிறாயா என்று கேட்பார்கள், லண்டனில் தமிழ்ப் பெண் வாய் திறந்தால் அந்த ஒருத்தியைத்தானே அவர்களுக்குத் தெரியும். அதற்கும் நீ பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்ற வேண்டும். அம்மம்மா வீட்டு முற்றத்தில் மாமரம் என்று வருகிறது. யார் உனக்கு மாமரம் என்று சொன்னது? அங்கே நின்றது பலா. மாமரம் பக்கத்து வளவில், வேலிக்கு அங்காலே. அந்த மாங்காய்க்காக இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லாமல் இருந்தது உனக்குத் தெரியாது. பலா என்று போட்டால் தாளம் இடிக்கும் என்று சொல்லாதே, நான் மேசையில் தட்டிப் பார்த்தேன். அரை அடி முன்னுக்கே எடுத்தால் வந்து நிற்கிறது. அப்பாவும் சரி என்கிறார். மாற்றிப் பாடி அனுப்பு, பன்னிரண்டாவது தரம் கேட்கிறேன்.

அன்புடன்
அம்மா