14 நாள் கேட்கிறோம்: கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு பற்றி ஒரு திறந்த மடல்

மாநிலச் சுகாதாரத் துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அரசு மருத்துவமனை ஸ்கேன் அறைகளின் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆள் பற்றாக்குறை, நிரப்பாத இடங்கள், ஒரே இயந்திரத்துக்கு நாலு வார்டு காத்திருப்பது எல்லாம் உங்கள் மேஜையில் கோப்பாகவே இருக்கும். என் அம்மாவின் கையில் கொடுத்த ஒரு சீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் நாலு பேர் மேல் பழி விழும். பழி அவர்களுடையது இல்லை.

அம்மாவுக்கு 61 வயது. கோயில் வாசலில் நாற்பது வருடமாகப் பூக்கட்டி விற்றவர். அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன். சுகரும் பிரஷரும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதற்கு உங்களுக்கு மனதார நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல நினைக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மல்லி தொடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் இடது கண்ணில் மேலிருந்து திரை இறங்குவது போல இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். அப்புறம் தெளிந்துவிட்டது. பித்தமாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பூவைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துக் கண் ஓபிக்குக் கூட்டிப் போனேன். பார்வை நன்றாக இருக்கிறது என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வலது கையிலிருந்து நார் நழுவியது. எடுக்க எடுக்க நழுவியது. பத்து நிமிடத்தில் அதுவும் சரியாகிவிட்டது.

மறுநாள் பொது மருத்துவப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் இரண்டையும் பொறுமையாகக் கேட்டார். கண்ணையும் கையையும் சேர்த்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் எழுதிவிட்டு, கழுத்துக் குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சீட்டு கொடுத்தார். ஸ்கேன் அறையில் அந்தச் சீட்டின் மூலையில் சிவப்பு மையால் ஒரு தேதி போட்டார்கள். 24 நாள் தள்ளி.

17ஆம் நாள் விடிகாலை, பூ மார்க்கெட்டுக்குப் போக எழுந்திருக்க வேண்டியவர் எழுந்திருக்கவில்லை. வாய் கோணியிருந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. 108 சீக்கிரமே வந்தது. ஆனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்குப் படுத்தவருக்குத் தூக்கத்தில் எப்போது வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? போட முடியாது என்றார்கள். அதுவும் சரிதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வார்டில் சேர்த்து, தலைக்கு சி.டி. எடுத்தார்கள். கழுத்து ஸ்கேனைப் பற்றிக் கேட்டபோது, "ஏற்கெனவே தேதி இருக்கே அம்மா, அன்னிக்கே வந்துடுங்க" என்றார் அந்த அறை ஊழியர். சீட்டில் போட்டிருந்த அதே தேதியில், வரிசையில் எங்கள் முறை வந்தபோது, அம்மாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனேன். கழுத்தில் ஜெல் தடவி, இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்து, அளந்து, எழுதி முடிக்க 20 நிமிடம் ஆனது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. இடது கழுத்துக் குழாயில் 80 சதவீத அடைப்பு.

இந்த 20 நிமிடத்துக்குத்தான் 24 நாள்.

வெளியில் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என்னை நானே தினமும் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. கடன் வாங்கியாவது எடுத்திருப்பேன். ஆனால் மருத்துவமனையே சீட்டில் ஒரு தேதி போட்டுக் கொடுத்தால், அதுவரை பொறுக்கலாம் என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்? அந்த டாக்டர் அவசரம் என்று நினைத்திருக்கலாம். சீட்டில் அவசரம் என்று எழுதக் கட்டம் இல்லை. எழுதினாலும் அதைப் பார்த்து வரிசையை மாற்றும் அதிகாரம் அந்த அறையில் யாருக்கும் இல்லை.

நான் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் கரோட்டிட் தமனிகளை எத்தனையோ முறை சிவப்பு சாக்பீஸில் வரைந்திருக்கிறேன். தாடைக்குக் கீழே அது இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் கொழுப்பு படிகிறது. அங்கிருந்து துணுக்குகள் பிய்ந்து மேலே போகும். கண்ணுக்குப் போகும் கிளையில் சிக்கினால் அதே பக்கக் கண் இருளும். மூளைக்குள் போனால் எதிர்ப்பக்கக் கை மரக்கும். துணுக்கு கரைந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். இடது கண், வலது கை என்றால் இடது கழுத்தைப் பார் என்று அர்த்தம். அம்மாவின் உடம்பு விலாசத்தையே எழுதிக் கொடுத்திருந்தது. அதை வாசிக்க எனக்குத் தெரியவில்லை. வாசிக்கத் தெரிந்தவர் இருந்தார், அவருடைய சீட்டுக்கு மதிப்பு இல்லை.

இது புதிய வைத்தியமும் இல்லை. 1953இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு பேருந்து ஓட்டுநரின் கழுத்துக் குழாயைத் திறந்து அடைப்பை வழித்து எடுத்தார். அடுத்த வருடம் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில், அம்மாவைப் போலவே வந்து வந்து போன தாக்குதல்களோடு இருந்த ஒரு பெண்ணுக்கு, அடைபட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் குழாயை மறுபடி இணைத்தார்கள். எழுபது வருடம் ஆகிவிட்டது. 1991இல் வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், 70 சதவீதமும் அதற்கு மேலும் அடைப்பு இருந்து ஏற்கெனவே அறிகுறி வந்தவர்களைப் பார்த்தார்கள். மருந்து மட்டும் கொடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள், அடைப்பு இருந்த பக்கத்து மூளையில் பக்கவாதம் வந்தது. அறுவை சிகிச்சையும் செய்தவர்களில் 9 சதவீதம். கத்தி வைப்பதிலும் ஆபத்து உண்டு, அந்த 9க்குள் அதுவும் அடக்கம்.

எனக்குத் தூக்கம் போனது அடுத்த கணக்கைப் படித்தபோதுதான். 2004இல் வெளியான ஆய்வு அது. அறிகுறி வந்து இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால், ஐந்து பேருக்குச் செய்யும்போது ஒருவரைப் பக்கவாதத்திலிருந்து காப்பாற்றலாம். 12 வாரம் கடந்துவிட்டால் அதே ஒருவரைக் காப்பாற்ற 125 பேருக்குச் செய்ய வேண்டும். நோயும் ஒன்று, அறுவை சிகிச்சையும் ஒன்று. நாள் மட்டும்தான் வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் இப்படி வருகிறவர்களைக் காக்க வைக்காமல் உடனே பார்த்து அன்றே மருந்தைத் தொடங்கியபோது, 90 நாளுக்குள் வரும் பக்கவாதம் 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. அது 2007இல் வெளிவந்த செய்தி.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. கண் இருண்டு தெளிந்தவரும், கை மரத்துச் சரியானவரும், பேச்சுக் குழறி மீண்டவரும் எந்த அரசு மருத்துவமனைக்கு வந்தாலும், அன்றே கழுத்து டாப்ளர் எடுக்க வேண்டும். கடும் அடைப்பு இருந்தால் 14 நாளுக்குள் அறுவை சிகிச்சை மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும்.

நம் நாட்டில் கழுத்துக் குழாய் அடைப்பு குறைவு, மண்டைக்குள் இருக்கும் குழாய்களில்தான் அதிகம் என்று ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னார். ஆசிய மக்களிடம் அப்படித்தான் என்று நானும் படித்தேன். ஆனால் யாருக்குக் கழுத்தில் இருக்கிறது, யாருக்கு மண்டைக்குள் இருக்கிறது என்று பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவு எல்லா மாவட்டத்திலும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நாளைக்கே திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. பிரசவ வார்டுக்கு ஸ்கேன் எடுக்கும் இயந்திரத்திலேயே கழுத்தில் வைத்துப் பார்க்கும் புரோப் என்ற கைக்கருவியை மாட்டலாம். எடுத்துப் பார்த்தவர் பெரிய மருத்துவமனைக்கு ஒரு போன் செய்யலாம். அங்கே அனுப்பி வைக்க 14 நாள் தாராளம்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவின் வார்டுக்கு வெளியே வராந்தாவில் தினமும் பார்த்தவர். காய்கறி மண்டியில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். செருப்பு காலிலிருந்து கழன்று போனதே தெரியாமல் நடந்திருக்கிறார். சட்டைப் பொத்தான் போட வரவில்லை. சோறு பிசைய வரவில்லை. சுகர் நரம்பு என்று விட்டமின் மாத்திரை, கழுத்து வலி என்று காலர், களிம்பு, இப்படியே இரண்டு வருடம் போயிருக்கிறது. கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்தால், கழுத்து எலும்புகளுக்கு நடுவில் தண்டுவடம் நசுங்கிக்கிடந்தது. அதற்குப் பிறகும் அறுவைக்குத் தேதி, தேதிக்குப் பிறகு இன்னொரு தேதி. ஒருவழியாக முன்கழுத்து வழியாக, எலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டை (டிஸ்க்) எடுத்து எலும்புகளை இணைத்தார்கள். நல்ல கைகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த நோயில் அறுவை சிகிச்சை பெரும்பாலும் மேற்கொண்டு கெடாமல் தடுக்கத்தான். போனதெல்லாம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்களாம். இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். அவருடைய மனைவி சோற்றைப் பிசைந்து உருட்டிக் கொடுக்கிறார்.

வியாதிகள் வேறு வேறு. ஆனால் இரண்டு பேரையும் முடக்கியது காத்திருப்புத்தான். தேதி போடுகிறவருக்கு எந்த நோய் பொறுக்கும், எது பொறுக்காது என்று யாரும் சொல்லித்தரவில்லை. மூட்டு வலிக்கும் கழுத்து அடைப்புக்கும் ஒரே நோட்டில் ஒரே வரிசை. யார் முதலில் வந்தார் என்பதுதான் கணக்கு. மனிதர்களின் மூளையையும் தண்டுவடத்தையும் டோக்கன் நம்பரில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

உங்களால் முடியாது என்று நினைத்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்று புரிந்து, இன்னுயிர் காப்போம் திட்டத்தை 2021 டிசம்பரில் கொண்டுவந்தது இதே துறைதான். மணிக்கணக்கு பார்க்கத் தெரிந்த துறையிடம்தான் நாள்கணக்கு பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன்.

கழுத்துக் குழாய் அடைப்பை எடுக்கும் அறுவை சிகிச்சையைச் சில இடங்களில் கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். எதிர்ப்பக்கக் கையில் அழுத்தினால் கீச்சென்று சத்தம் போடும் ரப்பர் பொம்மையைக் கொடுத்துவிடுவார்களாம். அவ்வப்போது அழுத்தச் சொல்வார்கள். சத்தம் வந்தால் மூளைக்கு ரத்தம் போகிறது என்று டாக்டர் வேலையைத் தொடர்வார். இதைப் படித்த இரவு அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருடம் நார் முடிந்த விரல்கள். ஒரு நாளைக்கு எத்தனை முழம் கட்டியிருக்கும் அந்தக் கை!

அம்மாவுக்கு இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் வருகிறது. "முழம்." தண்ணீர் வேண்டும் என்றாலும் முழம், வலிக்கிறது என்றாலும் முழம், என்னைக் கூப்பிடுவதும் முழம். மனதில் வேறு வார்த்தை இருக்கிறது என்பது கண்ணில் தெரிகிறது. வாய்க்கு வரும்போது அது மாறிவிடுகிறது. தான் சொன்னது தவறு என்று அவருக்கே தெரிகிறது. அப்போது தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடி முயற்சி செய்கிறார். மறுபடியும் அதே வார்த்தை. பாதிப்பு இவ்வளவு பெரிதாகிவிட்டதால் இனி கழுத்தில் அறுவை செய்து பெரிய பலன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தயவுசெய்து மூன்று உத்தரவு போடுங்கள். டாப்ளர் சீட்டில் அவசரம் என்று குறிக்க ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் குறி இருந்தால் அன்றே ஸ்கேன். அடைப்பு தெரிந்தால், ரத்தநாள அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கு அனுப்பி 14 நாளுக்குள் முடிவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்று ஒருவரின் பதவி பெயரோடு எழுதிய சுற்றறிக்கை. கூடவே ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் சகோதரிகள் பிரஷர் பார்க்கும்போதே, "திடீர்னு கண்ணு இருட்டிச்சா, கை மரத்துச்சா, பேச்சு குழறிச்சா?" என்றும் கேட்கட்டும். அம்மாவிடம் அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், பித்தம் என்று சொல்லிக்கொண்டே ஆனாலும் சொல்லியிருப்பார்.

சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயரையும் மருத்துவமனை முத்திரையையும் மறைத்துவிட்டேன். எழுதிக் கொடுத்த தேதி மேலே இருக்கிறது. ஸ்கேன் தேதி வலது மூலையில், சிவப்பு மையில் இருக்கிறது. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பணிவுடன்,
ஒரு பூக்காரம்மாவின் மகள்