அந்தப் படத்தில் இருப்பவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பெரிய வண்ணப் படம் ஒன்று வந்திருந்தது. கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆண்கள், கையில் கொடி. நீலத் துணியில் வெள்ளைப் பெருக்கல் குறி. அதற்குக் கீழே ‘உற்சாக வெள்ளத்தில் இங்கிலாந்து ரசிகர்கள்’ என்று போட்டிருந்தீர்கள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் படித்துப் பார்த்தேன். அதேதான். ஐயா, அவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால் அன்று சாயங்காலமே உங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றிருப்பார்கள். அதே பக்கத்துக் கட்டுரையில் ‘இங்கிலாந்து எனப்படும் பிரிட்டன்’ என்று வேறு ஒரு வரி.

சின்ன விஷயம்தான். இதற்கு ஒரு கடிதமா என்று கேட்கலாம். எனக்கு இதில் குடும்பக் கணக்கு ஒன்று இருக்கிறது.

நான் சேலம் – ஏற்காடு வழித்தடத்தில் 31 வருடம் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில் பட்லர். தோட்டத்துத் துரை ஸ்காட்லாந்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவாராம், மேஸ்திரிகள் பேசுகிற தமிழ். ஒரு நாள் கீழேயிருந்து வந்த மளிகைக் கடைக்காரரிடம் அப்பா, “எங்க இங்கிலாந்து துரை வெள்ளப்பூண்டு சேத்துக்க மாட்டாருங்க” என்று சொன்னது வராந்தாவில் இருந்தவர் காதில் விழுந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டார். “நான் இங்கிலாந்து இல்லை. ஸ்காட்லாந்து. சொல்லு” என்றார். அப்பா சொன்னார். “மறுபடி சொல்லு.” மூன்று தரம் சொல்ல வைத்துத்தான் விட்டாராம். கடைசி வரை அப்பா வாயில் அது ‘ஸ்காட்டுலாந்து’தான். ஆனால் ஒரு நாளும் இங்கிலாந்து என்று தவறிச் சொன்னதில்லை.

1961 ஏப்ரல். எனக்கு ஆறு வயது. கோடை மழை விழுந்து காப்பிச் செடிகள் பூத்து, மலை முழுக்க மல்லிகை மாதிரி வாசனை அடித்த நேரம். ஒரு சனிக்கிழமை ராத்திரி துரை ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பெட்டி கரகரக்கிறது. அப்பா சூப்புக் கிண்ணத்தோடு உள்ளே போனபோது துரை சட்டென்று எழுந்து நின்றாராம். அடுத்த தடவை போனபோது உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை தலையில் கை. கடைசியில் ரேடியோவைத் திருகி அணைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூப்பு அப்படியே ஆறிக் கிடந்தது. பிறகு அதை நான்தான் குடித்தேன். “ஒம்பது, பட்லர், ஒம்பது” என்று மட்டும் சொன்னாராம். ஏதோ ஒன்பது உயிர் போய்விட்டது என்று நினைத்து அப்பா பயந்துபோனார்.

அது என்ன ஒன்பது என்று எனக்குத் தெரிய ஐம்பது வருடம் ஆனது. மகன் கைபேசியில் தேடிக் காட்டினான். 1961 ஏப்ரல் 15, லண்டன் வெம்ப்ளி மைதானம், இங்கிலாந்து 9, ஸ்காட்லாந்து 3. பாதி ஆட்டத்தில் 3–0. அப்புறம் ஸ்காட்லாந்து இரண்டு கோல் போட்டு 3–2 வரை வந்துவிட்டது. துரை எழுந்து நின்றது அந்த நேரமாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இங்கிலாந்து போட்டது ஆறு கோல். ஆட்டம் முழுக்கச் சேர்த்து ஜிம்மி கிரீவ்ஸ் மட்டும் மூன்று. ஸ்காட்லாந்து கோல் கீப்பர் ஃபிராங்க் ஹாஃபி அதற்கப்புறம் தன் நாட்டுக்காக ஆடவே இல்லை. பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்கே குடிபோய்விட்டார்.

நமக்கு எல்லோரும் வெள்ளைக்காரர்கள்தான். ஆனால் அவர்களுக்குள் அது பங்காளி விவகாரம். வெளியாளிடம் தோற்றால் ஒரு நாள் வருத்தம், பங்காளியிடம் தோற்றால் பேரன் காலம் வரை பேச்சு. பிரிட்டன் என்கிற ஒரே வீட்டில் நாலு அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து. நாலுக்கும் தனித்தனி கால்பந்துச் சங்கம், தனித்தனி அணி, தனித்தனிக் கொடி. லண்டனில் சங்கம் தொடங்கியது 1863இல். ஸ்காட்லாந்து 1873, வேல்ஸ் 1876, அன்றைக்குப் பிரியாமல் இருந்த அயர்லாந்து 1880. உலகத்துக்கே பொதுவான ஃபிஃபா வந்தது 1904இல்தான். அதற்குள் இவர்கள் பாகம் பிரித்து, சண்டையும் போட்டு முடித்துவிட்டார்கள். ஆட்டத்தின் சட்டத்தை மாற்ற இன்றைக்கும் எட்டு ஓட்டில் ஆறு வேண்டும். ஃபிஃபாவுக்கு நாலு ஓட்டு, இந்த நாலு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. ஒலிம்பிக் என்று வந்தால் மட்டும் ஒரே ரேஷன் கார்டு, ‘கிரேட் பிரிட்டன்’ என்றுதான் போக வேண்டும். 2012இல் லண்டனிலேயே ஒலிம்பிக் நடந்தபோது அப்படி ஒரு ஆண்கள் அணி கட்டினார்கள். வேல்ஸ்காரர் ரயன் கிக்ஸ்தான் கேப்டன். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆட்கள் ஒருவர்கூட அதில் இல்லை. கால் இறுதியில் தென் கொரியாவிடம் பெனால்டியில் தோற்று வந்தார்கள்.

உலகத்தில் நாட்டுக்கு நாடு நடந்த முதல் அதிகாரப்பூர்வ கால்பந்து ஆட்டமே ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும்தான். 1872 நவம்பர் 30, கிளாஸ்கோவில், அதுவும் ஒரு கிரிக்கெட் மைதானத்தில். 0–0.

அதே கணக்குதான் 2021 ஜூனில் யூரோ என்கிற ஐரோப்பியக் கோப்பைப் போட்டியிலும் வந்தது. ஊரெல்லாம் ஊரடங்கு. நம் நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு ஆட்டம். மகள் வயிற்றுப் பேரன் ஹாரி கேனுக்காக இங்கிலாந்து. நான் அந்தத் துரைக்காக ஸ்காட்லாந்து. எந்தத் தோட்டத்துக்காரர் சோறு போட்டாரோ அவர் பக்கம் நிற்பதுதானே முறை? ஸ்காட்லாந்தில் பில்லி கில்மோர் என்று ஒரு பையன், வயது 20. நாட்டுக்காக முதல் நிமிடத்திலிருந்து ஆடியது அன்றைக்குத்தான். பந்தை வாங்குவதும் கொடுப்பதும் நாற்பது வயது ஆள் மாதிரி. இரண்டரை மணிக்கு ஆட்டம் முடிந்தபோது 0–0. 149 வருடம் கழித்தும் அதே கணக்கு என்று நான் பேரனிடம் சொல்லிக்கொண்டிருக்க, என் மனைவி எழுந்து வந்து, “ஒரு கோலும் விழாததுக்கா ரெண்டு பேரும் முழிச்சிருந்தீங்க?” என்று கேட்டுவிட்டு லைட்டை அணைத்தாள். மூன்றாம் நாள் கில்மோருக்குக் கொரோனா என்று செய்தி. அவ்வளவுதான், அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை, ஸ்காட்லாந்தும் தோற்று வெளியே.

1967ஐச் சொல்லாமல் விட்டால் துரையின் ஆத்மா என்னை மன்னிக்காது. 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பையைத் தூக்கியது. அந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஸ்காட்லாந்தின் டெனிஸ் லா கோல்ஃப் ஆடப் போய்விட்டார். அடுத்த ஏப்ரலில் அதே வெம்ப்ளியில் உலகச் சாம்பியனை ஸ்காட்லாந்து 3–2 என்று அடித்தது. முதல் கோல் அந்த லாவே போட்டதுதான். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்காட்லாந்தின் ஜிம் பாக்ஸ்டர் பந்தைத் தரையில் விடாமல் காலால் தட்டிக்கொண்டே நடந்தார், கையில் சாட்டை இல்லாத குறைதான். எங்கள் ஜாக் சார்ல்ட்டன் காலில் அடிபட்டு நொண்டினார், மாற்று ஆள் கிடையாது, அதனால்தான் தோற்றோம் என்பது இங்கிலாந்துக்காரர்களின் பாட்டு. நொண்டிய சார்ல்ட்டனே ஒரு கோல் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். 1977இல் ஸ்காட்லாந்து அங்கேயே 2–1 என்று ஜெயித்தபோது அதன் ரசிகர்கள் உள்ளே இறங்கி, கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அதை முறித்தார்கள். புல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் வீட்டுத் தோட்டத்தில் நட்டவர்களும் உண்டு. அது அராஜகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோயில் மண் எடுத்து முந்தானையில் முடிகிறவர்களுக்கு அது புரியாமல் போகாது.

மற்ற இரண்டு பேரும் சின்னப் பங்காளிகள், அதனால் கோபம் கொஞ்சம் கூடுதல். 1958 உலகக் கோப்பைக்கு நாலு அணியும் போயின. அப்படி நடந்தது அந்த ஒரே முறைதான். பெரியவர்கள் இரண்டு பேரும் முதல் சுற்றோடு திரும்ப, வேல்ஸும் வட அயர்லாந்தும் கால் இறுதி வரை போயின. வேல்ஸை வெளியே அனுப்பியது பதினேழு வயது பெலேயின் கோல். 2005இல் பெல்ஃபாஸ்டில் பெக்காம், ரூனி, ஓவன், ஜெரார்ட், லம்பார்ட் எல்லோரும் ஆடிய இங்கிலாந்தை டேவிட் ஹீலியின் ஒரே கோலில் வட அயர்லாந்து சாய்த்தது. சொந்த மண்ணில் இங்கிலாந்தை அவர்கள் ஜெயித்தது 1927க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நாலு பேரும் நூறு வருடம் தங்களுக்குள் ஆடிய கோப்பைப் போட்டியை 1984இல் மூட்டை கட்டினார்கள். கடைசி வருடம் நாலு பேருக்கும் சம புள்ளி, கோல் கணக்கில் ஜெயித்தது வட அயர்லாந்து. பரம்பரைப் பாத்திரம் கடைசியில் சின்னத் தம்பி வீட்டில்.

2016இல் இங்கிலாந்து ஐஸ்லாந்திடம் தோற்றபோது வேல்ஸ் ஆட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்த வீடியோ வந்தது. பண்பாடில்லை என்று சிலர் எழுதினார்கள். அவர்களுக்குப் பங்காளி இல்லை போலிருக்கிறது.

எனக்கு இருக்கிறது. தங்கையை ராசிபுரத்தில் கொடுத்திருக்கிறோம். கல்யாணத்தின்போது எல்லாம் ஒரே சேலம் மாவட்டம். 1997 ஜனவரி 1இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. ஐந்தாறு வருடம் கழித்துப் பள்ளிப் பையன்களின் கால்பந்து ஆட்டம் ஒன்று சேலத்தில். என் மகன் சேலம் பக்கம், தங்கை மகன் நாமக்கல் பக்கம். தங்கை தூக்குச் சட்டியில் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். “மருமகனுக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கேன்” என்றாள். ஆட்டம் ஆரம்பித்ததும் சட்டியை என் மடியில் வைத்துவிட்டுக் கோட்டோரம் போய் நின்று, என் மகனைத் தடுக்கச் சொல்லித் தன் மகனுக்குக் கத்தினாள். “அவன் எடது காலுடா, எடது காலு!” அவன் இடது காலால் உதைப்பவன் என்பது அத்தைக்குத் தெரியாதா என்ன? 1–0 நாமக்கல். அதற்குப் பிறகு எல்லோரும் தட்டுவடை செட் கடையில் நின்றோம். மச்சான் சிவப்புச் சட்னி வழியும் தட்டுவடையை வாயில் போட்டுக்கொண்டே, “மச்சான், இனிமே உங்க ஊரு எங்கன்னு யாராச்சும் கேட்டா, நாமக்கல்லுக்குப் பக்கத்துலன்னு சொல்லுங்க” என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆறு மாதம் அவரிடம் நான் சரியாகப் பேசவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அடுத்த நாள் பத்திரிகையில் அந்த நாமக்கல் பையன்களின் படத்தைப் போட்டு ‘வெற்றிக் களிப்பில் சேலம் அணி’ என்று எழுதியிருந்தால்? மச்சான் ராசிபுரத்திலிருந்து நடந்தே வந்திருப்பார்.

ஸ்காட்லாந்து 1998க்குப் பிறகு இப்போதுதான் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கிறது. 2025 நவம்பரில் கிளாஸ்கோவில் டென்மார்க்கை 4–2 என்று வென்றார்கள். முதல் கோல் ஸ்காட் மக்டாமினே அந்தரத்தில் தலைகீழாகப் படுத்து உதைத்தது. கடைசி கோல் மைதானத்தின் நடுவிலிருந்து கென்னி மக்லீன் அடித்தது. 28 வருடம் காத்திருந்தவர்களின் சந்தோஷத்தைப் பங்காளி பெயரில் பதிவு செய்துவிடாதீர்கள். ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் 1820களின் சேலம் கலெக்டர் காக்பர்னும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அந்த நன்றிக்காகவாவது படக் குறிப்பைத் திருத்தி இரண்டு வரி போடுங்கள். நாலு அணியையும் சேர்த்துச் சொல்லும்போது பிரிட்டன் என்று போடலாம். தெற்கே இருக்கிற அயர்லாந்துக் குடியரசு தனி நாடு, அதை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அடுத்த கடிதம் எழுத எனக்குத் தெம்பில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். மச்சான் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துனர்,
அஸ்தம்பட்டி, சேலம்.