நம் வீதிகளிலும் அவர்கள் கதை சொல்லப்படட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டனில் தங்கச்சி வீட்டில் நின்றபோது, அங்குள்ள சோகோ பகுதியில் குயர் மக்களின் (திருநங்கைகள், ஒருபாலீர்ப்பாளர்கள் போன்றோரின்) வரலாற்றைச் சொல்லும் நடைப்பயணத்தில் சேர்ந்தேன். 1999 ஏப்ரல் 30 அன்று வெறுப்பால் வைக்கப்பட்ட ஆணிக்குண்டு 3 பேரைக் கொன்ற அட்மிரல் டங்கன் மதுச்சாலை முன்னால் வழிகாட்டி நின்றார், 1981இல் எரிக்கப்பட்ட நம் யாழ்ப்பாண நூலக வாசலில் வரும் அதே கனம் எனக்கு அங்கேயும் வந்தது.

யாழ்ப்பாணத்திலும் திருநங்கைகளும் ஒருபாலீர்ப்பாளர்களும் இருக்கிறார்கள்தானே, இடப்பெயர்விலும் நம்மோடுதான் நடந்தார்கள். ஒருபாலுறவைக் குற்றமாக்கி அவர்களைப் பயமுறுத்தும் 365ஆம் பிரிவு 1883இல் பிரித்தானியர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்தது, நம் மரபு அல்ல. அவர்களில் வயதானவர்களின் நினைவுகளை, அவர்கள் சம்மதித்தால் மட்டும், பெயர் மறைத்துப் பதிவு செய்யுங்கள், அப்புறம் கோட்டையடியிலிருந்து ஒரு மாலை நடை தொடங்கலாம். நான் கட்டாயம் வருவேன்.

வாசகி,
நல்லூர்