'ஒரிஜினல் ஜிடிஐ' விற்பவர்கள் மாற்றியதையும் எழுதட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் பழைய புரோட்டோன் சத்ரியாவின் வேக ரகமான ஜிடிஐ கார்கள் 'முழு ஒரிஜினல்' என்ற அடைமொழியோடு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். எங்கள் தோட்டப்புற இளைஞர்கள் பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுவது அந்த ஒரு சொல்லை நம்பித்தான் என்பதால், சுங்கை சிப்புட்டில் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அண்மையில் என் தங்கை மகன், 2001-இல் பதிவான சிவப்பு ஜிடிஐ ஒன்றை வெளியூரிலிருந்து வாங்கி வந்தான். ரெக்காரோ இருக்கை, பின்புறம் ஜிடிஐ சின்னம், 1,834 சிசி என்று காட்டும் கெரான் (வாகனப் பதிவுச் சான்று) எல்லாம் சரியாகவே இருந்தன. காரைத் தூக்கி நிறுத்திப் பின் சக்கரங்களைக் கழற்றியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. டிஸ்க் பிரேக் இருந்தது உண்மை. ஆனால் அதன் எண்ணெய்க் குழாயைத் தாங்கும் தகட்டைக் கையால் பற்ற வைத்திருந்தார்கள், அந்த இடத்தில் மட்டும் கறுப்புப் பூச்சு புதிதாக இருந்தது. சாதாரண 1.3 லிட்டர் சத்ரியாவின் பின்பக்கம் டிரம் பிரேக்தான் என்பதை நினைத்துக்கொண்டு, காரின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் நடு எழுத்துகளை உதிரிபாகப் பட்டியலோடு ஒப்பிட்டோம். அந்த உடல் ஜிடிஐயாகப் பிறந்ததே அல்ல.

பலர் ஏமாறுவது கெரானில்தான். என்ஜின் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியோடு முறையாகப் பதிந்துவிட்டால், கெரானிலும் புதிய என்ஜின் எண்ணும் கொள்ளளவுமே ஏறும். உரிமை மாற்றத்துக்காக வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் சோதனையும் எண்கள் பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்குமேயன்றி, அந்த என்ஜின் தொழிற்சாலையில் அதே உடலில் பூட்டப்பட்டதா என்று பார்ப்பதில்லை. கார் சட்டப்படி சுத்தமாக இருப்பது வேறு, ஒரிஜினலாக இருப்பது வேறு. புரோட்டோனின் சேசிஸ் எண் பிஎல்1 என்று தொடங்கும், மொத்தம் பதினேழு எழுத்துகள். எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒரே சீராக இருக்க வேண்டும், சுற்றிலும் அரம் பட்ட தடம் இருக்கக் கூடாது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்தால், கண்ணுக்குத் தப்பும் கோணல் தாளில் தெரிந்துவிடும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான மிட்சுபிஷி லான்சர் எவோலூஷனிலோ இந்தப் பதினேழு எழுத்து முறை கிடையாது. எவோ ஆறு என்றால் சிபி9ஏ என்று தொடங்கும் குறுகிய எண்தான். அதில் நீண்ட எண்ணைத் தேடி ஏமாற்றுக் கார் என்று முடிவு கட்டியவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஜிடிஐயின் என்ஜின் 4ஜி93பி. ஒரு காலத்தில் அதை இறக்கிவிட்டு, ஹாஃப் கட்டாக, அதாவது பாதியாக வெட்டி இறக்குமதியாகி வந்த மிட்சுபிஷி மிராஜ் காரின் 4ஜி92 மிவெக் என்ஜினை ஏற்றுவதே பெருமையாக இருந்தது. நானும் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன், மறைக்கவில்லை. அன்று மூலையில் போட்ட பழைய என்ஜினைத்தான் இன்று தேடி அலைகிறார்கள்.

மற்றவை பொறுமையாகப் பார்த்தால் புலப்படும். கண்ணாடிகளின் ஓரக் குறிகளில் ஒன்று மட்டும் மாறுபட்டால் அந்தப் பக்கம் அடிபட்டதா என்று கேட்க வேண்டும். மட்காட் போல்ட்டின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் அதை யாரோ கழற்றியிருக்கிறார்கள். ரிம்மின் பின்புறம் வார்த்திருக்கும் அளவையும் தயாரிப்பாளர் பெயரையும், இருக்கையின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளையும் டார்ச் அடித்துப் படிக்கலாம்.

பாகம் மாற்றுவது குற்றமில்லை. இருபது ஆண்டு ஓடிய காரில் எதுவுமே மாறவில்லை என்றால் எனக்குத்தான் சந்தேகம் வரும். பழைய கார்களைச் சோதித்து அசல் சான்றிதழ் தருவதற்கென்றே ஃபெராரி நிறுவனம் 'கிளாசிகே' என்ற பிரிவை நடத்துகிறது. சத்ரியா வாங்குபவனுக்கு விற்பவரின் வாய்ச்சொல்தான் சான்றிதழ். ஆகவே 'ஒரிஜினல்' என்று விளம்பரம் தருவோரிடம், சேசிஸ் எண் குறிக்கும் மாடல் எது, என்ஜின் மாற்றப்பட்டதா என்ற இரண்டையும் கேட்டு வாங்கி அதே வரியில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் தங்கை மகன் தன் காரை விற்கும்போது '1.3 உடல், 1.8 என்ஜின்' என்றே விளம்பரம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். கொடுத்த பணத்தில் பாதிகூடத் தேறாது என்று அவனுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.