ஸ்கானில் தெரியாத சதையி

ஆசிரியர் அவர்களுக்கு,

சதையி (கணையம்) எனும் உறுப்பில் வரும் புற்றுநோய் முற்றிய பின்னரே கண்டுபிடிக்கப்படுவதற்கு நோயாளரின் அசட்டையே காரணம் என்று எங்கள் பகுதியில் பலரும் பேசுவதுண்டு. வேளைக்கே ஸ்கான் எடுத்தவர்களிலும் சிலருக்கு அந்நோய் தவறவிடப்படுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனது மைத்துனருக்கு மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் நோவு இருந்தது. ஐம்பது வயதைக் கடந்தபின் புதிதாக நீரிழிவும் வந்து, உடலும் மெலிந்தது. தனியார் நிலையமொன்றின் அல்ட்ரா சவுண்ட் அறிக்கையில் ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் யாவும் சாதாரணம் என்றிருக்க, அடியில் 'குடல் வாயுவினால் சதையி முழுமையாகத் தெரியவில்லை' என்றொரு வரி இருந்தது. அந்த வரியை எவரும் பொருட்படுத்தவில்லை. 'ஸ்கான் நோர்மல்' எனக் கூறி கேஸ்ரைற்றிஸுக்குக் குளிசை கொடுத்தார்கள். சில மாதங்களின் பின் செங்கண்மாரி கண்டு சீ.ரீ. ஸ்கான் எடுத்தபோது, சதையியின் தலைப்பகுதியிலிருந்த கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டிருந்தது, சத்திரசிகிச்சைக்கு இடமிருக்கவில்லை.

இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் கிடக்கும் இவ்வுறுப்பை சீ.ரீ.யும் எப்போதும் தெளிவாகக் காட்டுவதில்லை. சாய மருந்து ஏற்றி ஏறத்தாழ 40 முதல் 45 விநாடிகளில் சதையிக்காக ஒரு தடவையும், 70 விநாடியளவில் ஈரலுக்காக இன்னொரு தடவையும் படம்பிடிக்க வேண்டும். வழமையான வயிற்று ஸ்கானில் அந்த முதற்கட்டம் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சில கட்டிகள், குறிப்பாக 2 சென்ரிமீற்றருக்கும் சிறியவை, சுற்றியுள்ள இழையத்தின் சாயலிலேயே தெரிவதால், சதையிச் சாற்றைக் கொண்டுசெல்லும் குழாய் விரிந்திருப்பது போன்ற மறைமுக அடையாளங்களைக் கொண்டே அவற்றை ஊகிக்க வேண்டியுள்ளது. ஸ்கானுக்கு அனுப்பும் படிவத்தில், இந்நோயின் அடையாளங்களாக இருக்கக்கூடிய புதிய நீரிழிவையும் மெலிவையும் குறிப்பிடாமல் 'வயிற்று நோவு' என்று மட்டும் எழுதினால், வேலைப்பளுவில் இருக்கும் கதிரியல் நிபுணர் எதைத் தேடுவார்? (மறுபுறம், ஸ்டீரொயிட்டினால் குணமாகக்கூடிய ஒருவகைச் சதையி அழற்சி, படத்தில் புற்றுநோய்போலத் தோன்றியதால் பெரிய சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர்களும் உள்ளனர்.)

ஆகவே, சதையி தெரியவில்லை என எழுதும் அறிக்கையிலேயே அடுத்து எந்தப் பரிசோதனை தேவை என்பதையும் எழுதுவதை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சுகாதார அதிகாரிகள் அரச, தனியார் நிலையங்கள் அனைத்திலும் கட்டாயமாக்க வேண்டும். வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் நோயாளியிடம் கடதாசி அறிக்கை மட்டும் இருந்தால் அங்குள்ள நிபுணரால் பழைய படத்தை மீளப் பார்க்க முடியாது என்பதால், படங்களை இறுவட்டில் பதிந்து கேளாமலே கொடுக்கும் நடைமுறையும் வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.